தபாலட்டையிற் கண்ட கரை

படமொன்றில் ஊரின் பெயர் இல்லாதவிடத்து, பார்ப்பவர் தம் நெஞ்சிலுள்ள ஊரையே அதற்குச் சூட்டிவிடுகின்றனர். பருத்தித்துறையில் ஒரு வீட்டுச் சுவரிலே தொங்கிய பழைய தபாலட்டைக்கும் இதுவே நேர்ந்தது. அதிலே கடலும், கடலோரத்தில் தடித்த மதிலும், மதிலருகே ஒரு வெளிச்சவீடும் காணப்பட்டன. சட்டத்துள் அடக்குவதற்காக எவரோ அடிவிளிம்பை நறுக்கியபோது, அங்கு அச்சிடப்பட்டிருந்த இடப்பெயரும் போயிற்று.

அட்டையை அனுப்பியவர் அவ்வீட்டு அம்மம்மாவின் பாட்டனார். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை கரையோர வீட்டைச் சிதைத்தபோது, குடும்பத்தின் படங்களுள் சேற்றிலிருந்து மீண்டது இஃதொன்றே. "இது எங்கடை வெளிச்சவீடு" என்பார் அம்மம்மா. மதிலைப் பற்றிக் கேட்டால், "அது முந்தி இருந்த அணை" என்று முடித்துவிடுவார்.

பல்கலைக்கழகத்தில் வரலாறு பயிலும் பேரன் ஒரு விடுமுறையிலே அட்டையைச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்தான். பின்புறத்துச் செய்தியை உப்புநீர் அழித்திருந்தது. ஆயினும் முகவரி தெரிந்தது. அது பருத்தித்துறை முகவரி. பருத்தித்துறையின் படத்தைப் பருத்தித்துறைக்கே அனுப்புவார் உளரோ என்ற ஐயம் அவனுள் எழுந்தது.

பின்புறம் செய்திக்கும் முகவரிக்குமாக இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இம்முறை பிரித்தானியாவில் 1902இலேயே அனுமதிக்கப்பட்டது. எனவே அட்டை அதற்குப் பிந்தியது. பாதி கிழிந்த முத்திரையில் ஏழாம் எட்வேட் மன்னரின் தலை இருந்தது. அவர் ஆண்டது 1901 முதல் 1910 வரை. பருத்தித்துறை வெளிச்சவீடோ 1916இல் எழுந்தது. மன்னர் மறைந்தபின் எஞ்சிய முத்திரையை ஓரிரு ஆண்டு கழித்து ஒட்டியிருப்பினும் கணக்குப் பொருந்தவில்லை.

அவ்வாறாயின் எவ்வூர்? கொழும்பில் 1857இல் எழுந்த வெளிச்சவீடு மணிக்கூட்டுக் கோபுரமுமாகி நகர வீதியின் நடுவே நிற்பது. பேருவளையிலுள்ளது சிறு தீவொன்றின் மேலது. 1890இல் எழுந்த தெவிநுவரை வெளிச்சவீட்டருகே கோட்டை மதில் இல்லை. மதிலும் கடலும் வெளிச்சவீடும் ஒருங்கே அமைந்த இடம் காலிக் கோட்டையே எனத் தோன்றியது. ஆனால் காலியின் இன்றைய படத்தோடு ஒப்பிட்டபோது கோபுரத்தின் வடிவும் ஒவ்வவில்லை, நின்ற இடமும் ஒவ்வவில்லை.

அந்த ஒவ்வாமையே ஈற்றிற் சான்றாயிற்று. காலியில் 1848இல் பிரித்தானியர் எழுப்பிய முதல் வெளிச்சவீடு இரும்புத் தகடுகளாலானது. அது 1930களில் தீக்கிரையாயிற்று. இன்று மீரான் பள்ளிவாசலுக்கு எதிரே காணப்படும் வெண்ணிறக் கோபுரம், பழைய இடத்திலிருந்து ஏறத்தாழ 100 மீற்றர் தள்ளி 1939இல் கட்டப்பட்டது. நூலகத்தில் கிடைத்த காலியின் பழம்படமொன்றில், அட்டையிலுள்ள அதே கோபுரம் அதே மதிலருகே நின்றது.

விடை கண்ட மகிழ்ச்சி வீடு வரும்வரைதான் நிலைத்தது. அம்மம்மாவுக்கு எஞ்சியிருந்த ஒரே கரையையும் பறிப்பதுபோலப் பேரனுக்குப் பட்டது. இரண்டு நாள் சொல்லாதிருந்தான். மூன்றாம் நாள் சொன்னான்.

அம்மம்மா அட்டையை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப, அப்பு காலியிலையோ இருந்தவர்? கொழும்பெண்டெல்லோ எல்லாரும் சொன்னவை."

சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்டார்: "சுனாமிக்கு அங்கையும் கடல் வந்ததோ?"

"வந்தது அம்மம்மா. பட்டினத்துக்குள்ளை கனபேர் செத்துப்போச்சினம். கோட்டைக்குள்ளை இருந்தவையை இந்த மதில்தான் பெரும்பாலும் காப்பாற்றினது."

அம்மம்மா படத்திலிருந்த மதிலை விரலாற் தடவினார். பின்பு அட்டையைச் சட்டத்தினுள் வைக்கச் சொன்னார். முதலில் அதன் பின்புறத்திலே "காலி" என்று எழுதிவிடும்படியும் சொன்னார்.