நாலு மூட்டையும் நைனாவும்



முதல்லயே உண்மையைச் சொல்லிடறேன். எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ்ல எனக்கு ஒரு அரியர் இருக்கு. "பாஸே ஆகாதவன் பாடம் நடத்த வந்துட்டான்டா"ன்னு நினைக்கிற கிளாஸ்மேட்ஸ் எல்லாம் இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம், கோவிச்சிக்க மாட்டேன். மத்தவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க. கணக்கு வரும். ஆனா ஒண்ணாவது படிக்கும்போது போட்ட கூட்டல் கழித்தலுக்கு மேல ஒண்ணும் இருக்காது.

பிளஸ் டூ வரைக்கும் நான் மாநகராட்சிப் பள்ளி, தமிழ் மீடியம். 2021ல அரசுப் பள்ளிப் பசங்களுக்கு எஞ்சினியரிங்லயும் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்துச்சே, அந்த வழியாத்தான் நானும் காலேஜ் உள்ள போனேன். பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்துல "தனித்த பொருளின் விசைப்படம்"னு ஒண்ணு படிச்சிருப்போம். மனப்பாடம் பண்ணி ரெண்டு மார்க் வாங்கியும் இருப்போம். காலேஜ்ல வந்து "ஃப்ரீ பாடி டயக்ராம்"னு சொன்னப்ப ரெண்டும் ஒண்ணுதான்னு புரியவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு. பாடி எங்க ஃப்ரீயா இருக்கு, அதான் மேல கயிறு, கீழ தரை, பக்கத்துல சுவர்னு எல்லாம் பிடிச்சிக்கிட்டு இருக்கேன்னு ஙேன்னு முழிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

இதுல லாமி தேற்றம், வரிஞோன் தேற்றம் (1687) வேற. ரெண்டு பேருமே பிரெஞ்சுக்காரங்க. இங்க ஒரு சின்ன கிளைக்கதை. நான் இருக்கிறது மூலக்கொத்தளம். 1758-59ல லாலி தலைமையில பிரெஞ்சுப் படை வந்து சென்னையை முற்றுகை போட்டுட்டுப் போச்சு. அதுக்கப்புறம் ஹைதர் அலி பயமும் சேர்ந்துக்க, வெள்ளைக்காரன் கருப்பர் நகரத்தைச் சுத்திப் பெரிய மதில் கட்டினான். அந்த மதிலோட மூலையில இருந்த கொத்தளம்தான் எங்க ஏரியா பேருன்னு சொல்லுவாங்க. மதிலோட ஒரு துண்டு இன்னமும் பழைய வண்ணாரப்பேட்டைல இருக்கு, மேல பூங்கா வெச்சிருக்காங்க. ஆக, எங்க ஏரியாவுக்குப் பேர் வந்ததுக்கும் எனக்கு அரியர் வந்ததுக்கும் பிரெஞ்சுக்காரங்கதான் காரணம். :-)

நிற்க. மேட்டருக்கு வரேன்.

எங்க நைனா மீன்பாடி வண்டி ஓட்டறாரு. பேருதான் மீன்பாடி, மீன் ஏத்தி நான் பார்த்தது கம்மி. சிமெண்ட், டைல்ஸ், பேப்பர் பண்டல், பழைய பீரோ, கல்யாணப் பாத்திரம்னு எது கிடைச்சாலும் ஏத்துவாரு. எங்க வண்டிக்கு முன்னாடி ரெண்டு சக்கரம், பின்னாடி ஒண்ணு. சரக்கு வைக்கிற பலகை முன்னாடி, ஓட்டறவர் சீட்டு பின் சக்கரத்துக்குக் கிட்ட. முன் அச்சு பலகைக்குக் கிட்டத்தட்ட நடுவுல போகும். அதாவது பாதி சரக்கு அச்சுக்குப் பின்னால, பாதி அச்சுக்கு முன்னால. இந்தக் கடைசி வரியை ஞாபகம் வெச்சிக்கோங்க.

போன செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்சி லீவுல இருந்தேன். ஒரு நாள் காலைல எட்டு மூட்டை சிமெண்ட், ரெண்டு இடத்துல நாலு நாலா இறக்கணும். கூட ஒரு ஆள் இருந்தா நல்லா இருக்கும்னு நைனா என்னையும் கூட்டிக்கிட்டுப் போனாரு. முதல் வீட்ல இருந்த ஆளு, கைக்கு வாட்டமா இருக்குன்னு சீட்டுக்குக் கிட்ட இருந்த நாலு மூட்டையை எடுத்துக்கிட்டாரு. நைனா அப்ப வண்டியை விட்டு இறங்கவே இல்ல. ரெண்டாவது இடத்துல இறக்க ஆள் இல்ல. நைனா இறங்கறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டு, "டேய், நீ சீட்டு மேல குந்திக்கோ. நான் சொல்றவரைக்கும் எறங்காத"ன்னாரு.

குந்திக்கிட்டேன். அவரு இறங்கி முன்னாடி போய் முதல் மூட்டைல கை வெச்சாரு. ஐம்பது வயசு ஆளு ஐம்பது கிலோ மூட்டையைத் தனியா தூக்கறாரு, நான் மகாராஜா மாதிரி சீட்ல உக்காந்திருக்கேன். பார்க்கவே நல்லா இல்ல. ஒரு கை குடுப்போமேன்னு இறங்கினேன்.

அவ்ளோதான். பின் சக்கரம் என் கண்ணு முன்னாடி மேல எழும்பிச்சு. பலகை முன்னாடி சாஞ்சி, மூட்டை சறுக்கி நைனாவோட வலது கால் மேல விழுந்துச்சு. ரெண்டு விரல்ல எலும்பு முறிவு. ஸ்டான்லி ஆஸ்பத்திரில கட்டு போட்டுவிட்டாங்க. ஆறு வாரம் வண்டி எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க.

நைனா என்னைத் திட்டவே இல்ல. "இன்னாத்துக்குடா எறங்கன?"ன்னு ஒரு தடவை கேட்டாரு, அதோட சரி. அம்மாதான் ரெண்டு நாள் பேசல. அந்த வாரக் கடைசில ரிசல்ட் வேற வந்துச்சு. மெக்கானிக்ஸ் புட்டுக்கிச்சு. 

தூக்கம் வராம ஒரு ராத்திரி ரஃப் நோட்டை எடுத்து அந்த வண்டியை வரைஞ்சேன். தரையை அழிச்சேன். அழிச்ச இடத்துல ரெண்டு அம்புக்குறி போட்டேன், முன் அச்சுல ஒண்ணு, பின் சக்கரத்துல ஒண்ணு. சீட்டை அழிச்சிட்டு அங்க என் எடையைக் கீழ்நோக்கி ஒரு அம்பா போட்டேன். மூட்டைக்கு ஒரு அம்பு. அப்பதான் ஃப்ரீ பாடின்னா என்னன்னு மண்டைல ஏறுச்சு. பொருள் சும்மா ஃப்ரீயா இருக்குன்னு அர்த்தம் இல்ல. அதைத் தொட்டுக்கிட்டு இருக்கிற ஒவ்வொண்ணையும் பிச்சி எடுத்துட்டு, அது இருந்த இடத்துல அது குடுத்த விசையை மட்டும் விட்டு வெக்கணும். ஒண்ணையும் மறக்கக் கூடாது. நான் ஒரு செமஸ்டர் முழுக்க ஏணி கணக்குல சுவர் குடுக்கிற விசையை மறந்துக்கிட்டே இருந்தேன்.

படம் வந்துடுச்சு, நம்பர் வேணுமே. மறுநாள் காலி வண்டியைத் தள்ளிக்கிட்டு எங்க தெரு காயலான் கடைக்குப் போனேன். அங்க பிளாட்ஃபார்ம் தராசு இருக்கு. கடைக்கார அண்ணன், "வண்டியைப் போடப் போறியா?"ன்னு பதறிட்டாரு. விஷயத்தைச் சொன்னதும் சிரிச்சிக்கிட்டே விட்டாரு. பின் சக்கரத்தை மட்டும் தராசுல ஏத்தினேன், முன் சக்கரம் ரெண்டுக்கும் கீழ அதே உயரத்துக்குப் பலகை வெச்சேன் (வண்டி சாஞ்சா கணக்கு தப்பாயிடும்). 29 கிலோ காட்டுச்சு. அப்புறம் முன் சக்கரங்களை ஏத்தினா 51. ஆக வண்டி 80 கிலோ. முன் அச்சுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 1.1 மீட்டர். 29ஐ 1.1ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 32. வண்டியோட சொந்த எடை, முன் அச்சைச் சுத்திப் பின்பக்கமா குடுக்கிற திருப்புத்திறன் இதுதான். (கிலோ-மீட்டர் கணக்குல எழுதறேன். எக்ஸாம்ல இப்படி எழுதினா மார்க் போட மாட்டாங்க, 9.81ஆல பெருக்கி நியூட்டனாக்கிக்கோங்க.)

ஏன் முன் அச்சைச் சுத்தி? அங்கதான் நமக்குத் தெரியாத ஒரு விசை உக்காந்திருக்கு. அந்தப் புள்ளிலயே நின்னு திருப்புத்திறன் எடுத்தா தூரம் சைபர், அந்த விசை கணக்கை விட்டே ஓடிடும். சமநிலைல இருக்கிற எந்தப் பொருளுக்கும் எந்தப் புள்ளியைச் சுத்தி எடுத்தாலும் மொத்தம் சைபர்தான். அப்புறம் எதுக்கு கஷ்டமான புள்ளியைத் தேர்ந்தெடுக்கணும்? சாரும் இதைத்தான் சொல்லியிருப்பாரு. நான் அப்ப கவனிச்சிருக்க மாட்டேன்.

இப்ப மத்ததையும் போடுங்க. பின்னால இருந்த நாலு மூட்டை 200 கிலோ, அச்சுல இருந்து 0.3 மீட்டர் பின்னால. அது 60. நைனா 60 கிலோ, சீட்டு 1 மீட்டர் பின்னால. அதுவும் 60. முன்னால இருந்த நாலு மூட்டை 200 கிலோ, 0.35 மீட்டர் முன்னால. அது 70, ஆனா எதிர்ப்பக்கம்.

எட்டு மூட்டையும் நைனாவும் இருந்தா 60, 60, 32 கூட்டி 70ஐக் கழிச்சா 82. அதை 1.1ஆல வகுத்தா பின் சக்கரத்துக்குக் கீழ தரை சுமார் 75 கிலோ தாங்குது. ஜம்முனு நிக்கும்.

முதல் வீட்ல பின்னாடி நாலு மூட்டை போச்சு. 60ம் 32ம் சேர்த்து 70ஐக் கழிச்சா 22. பின் சக்கரத்துல 20 கிலோ. இன்னும் நிக்குது.

இங்கதான் எனக்கு மயிர் கூச்செறிஞ்சது. மூட்டை எல்லாம் அப்படியே இருக்க நைனா மட்டும் இறங்கியிருந்தாலும் அதே 22தான், அதே 20 கிலோதான். நாலு மூட்டையும் நைனாவும் வண்டிக்கு ஒண்ணு. ரெண்டுல ஒண்ணு இருந்தா போதும், நிக்கும். ரெண்டும் இல்லன்னா 32 கழித்தல் 70, மைனஸ் 38.

நடுவுல நான் உக்காந்திருந்தேனே, அப்ப? நான் 52 கிலோ. 52, 32 கூட்டி 70 கழிச்சா 14. பின் சக்கரத்துல 13 கிலோ கூட இல்ல. அவ்வளவு மெல்லிசா நின்னுக்கிட்டு இருந்திருக்கு. சும்மா உக்காந்திருக்கேன்னு நினைச்சேன். அந்த நேரத்துல அந்த வண்டியை நிறுத்தி வெச்சிருந்ததே நான்தான். நைனா ஒரு மூட்டையை எடுத்திருந்தாலும் பத்தாது, ரெண்டு எடுத்திருந்தாலும் பத்தாது (100 கிலோ, 0.35, அது 35; வண்டிக்கு 32தான்). மூணாவது மூட்டை போன அப்புறம்தான் நான் இறங்கியிருக்கணும்.

இன்னொரு விஷயம், இதைச் சொல்ல வெக்கமா இருக்கு. எக்ஸாம்ல இதே மாதிரி ஒரு உத்திரக் கணக்கு வந்துச்சு. ஒரு முனைல வெறும் உருளைத் தாங்கி, உத்திரம் அது மேல சும்மா உக்காந்திருக்கு, அவ்ளோதான். எனக்கு அந்த இடத்துல மைனஸ்ல விடை வந்துச்சு. எங்கயோ சொதப்பிட்டோம்னு மைனஸை அழிச்சிட்டு பிளஸ் போட்டுட்டு வந்துட்டேன். தரை மேல தள்ளும், அதுக்கு இழுக்கத் தெரியாது. மைனஸ் 38னா, "வண்டி நிக்கணும்னா தரை சக்கரத்தைப் பிடிச்சி கீழ இழுக்கணும், ஆனா என்னால முடியாது"ன்னு கணக்கு சொல்லுது. அதாவது கவுந்துடும். நான் அழிச்சது அந்த எச்சரிக்கையைத்தான்.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள் பைத்தியம் பிடிச்ச மாதிரிதான் இருந்தேன். எதைப் பார்த்தாலும் அம்புக்குறி. பீச் ஸ்டேஷன் பக்கம் போனா ஹார்பர் கிரேனுக்குப் பின்னால எதிர் எடை எங்க இருக்குன்னு தேடறது. நம்ம துறைமுகமே ஒரு தடவை இந்தக் கணக்குல அடி வாங்கியிருக்கு. 1875ல வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டி, கிட்டத்தட்ட முடியப்போற நேரத்துல, 1881 நவம்பர்ல வந்த புயல் அலைதடுப்புச் சுவர்ல அரை மைலுக்கு மேல அடிச்சிக்கிட்டுப் போயிடுச்சு. ஒரு கன மீட்டர் கான்கிரீட் தரைல சுமார் 2400 கிலோ. கடலுக்குள்ள இறக்கினா அது ஒதுக்கற தண்ணி 1025 கிலோ, அவ்வளவு குறைஞ்சி 1375 கிலோ மாதிரிதான் நடந்துக்கும். எடை குறைஞ்சா உராய்வும் குறையும். பக்கவாட்டுல வர்ற அலை மட்டும் குறையாது. இதை முழுசா போடற அளவுக்கு எனக்கு இன்னும் அறிவு வரல, விடுங்க.

நைனாகிட்ட நோட்டைக் காட்டினேன். கட்டு போட்ட காலை ஸ்டூல் மேல நீட்டிக்கிட்டு ரொம்ப நேரம் படத்தையே பார்த்தாரு.

"இந்த கோடுலாம் இன்னாடா?"

"ஒவ்வொண்ணும் எவ்ளோ அமுக்குதுன்னு, நைனா."

"முன்னாடி சரக்கை மொதல்ல எறக்கணும், இல்லாட்டி ஆளு சீட்ல இருக்கணும். இத்தக் கண்டுபுடிக்க நாலு பக்கமா?"

"அது உங்களுக்கு எப்படி தெரியும்?"

"ரெண்டு தபா கவுத்துக்கீறேன்." கொஞ்ச நேரம் கழிச்சி அவரே கேட்டாரு. "ஆளே இல்லாங்காட்டி நிக்கணும்னா இன்னா பண்ணணும், அது வருமா இதுல?"

வரும். பலகைக்கு முன்னால, அச்சுல இருந்து அரை மீட்டர் தள்ளி, மடக்கற மாதிரி ஒரு இரும்புக் கால் வெச்சா போதும். அந்த 38ஐ அரை மீட்டரால வகுத்தா 76 கிலோ. அந்தக் கால் அவ்வளவு தாங்கணும், எதுக்கும் ரெண்டு மடங்குக்குப் பார்த்துக்கலாம். காயலான் கடை அண்ணனே ஒரு ஆங்கிள் துண்டு எடுத்துக் குடுத்துட்டு, காசு வேணாம்னுட்டாரு. வெல்டிங் கடைல மட்டும், மடக்கினா ஓடும்போது தரைல இடிக்காம இருக்க எவ்ளோ உயரம் விடணும்னு கேட்டாங்க. அதை நான் அளக்கவே இல்ல. டேப்பை எடுத்துக்கிட்டு நாளைக்கு மறுபடியும் போகணும்.

நைனாவுக்கு அடுத்த வாரம் கட்டு பிரிக்கிறாங்க. அரியர் எக்ஸாமுக்கு ஃபீஸ் கட்டிட்டேன்.