படகுத் துறைக்கு ஒரு கைப்பிடி வேண்டாமா?

மேட்டூரில் வாழ்க்கைப்பட்ட எங்களுக்கு விருந்தாளிப் பஞ்சமே கிடையாது. ஆடிப் பதினெட்டுக்கு ஒரு கூட்டம், கோடை விடுமுறைக்கு ஒரு கூட்டம், அணை நிரம்பிவிட்டது என்று டி.வி.யில் காட்டினால் அதற்கென்று தனிக் கூட்டம்! 2024 ஜூலைக் கடைசியில் தண்ணீர் 120 அடியைத் தொட்டபோது எங்கள் வீட்டில் மூன்று நாளைக்கு இட்லி மாவு ஆட்டி மாளவில்லை. வந்தவர்கள் அணையைப் பார்ப்பார்கள், முனியப்பனைக் கும்பிடுவார்கள், பூங்காப் பக்கம் உட்கார்ந்து வறுத்த மீன் சாப்பிடுவார்கள். அப்புறம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "இவ்வளவு தண்ணி கிடக்குதே, படகுலே எங்கே போறது?"

அணைக்கு மேலே நீர்த்தேக்கத்தில் பண்ணவாடியிலிருந்து நாகமரைக்கும், கோட்டையூரிலிருந்து ஒட்டனூருக்கும் படகு போகும். இந்தக் கரை சேலம் மாவட்டம், அந்தக் கரை தருமபுரி மாவட்டம். அணைக்குக் கீழே வந்தால் பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் நடுவே விசைப்படகு. கதவணை கட்டியிருப்பதால் அங்கே காவிரி ஏரி மாதிரி நிற்கும்; பூலாம்பட்டியை 'குட்டி கேரளா' என்று சொல்லிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் வந்து குவிகிறார்கள். ஆனால் சகோதரிகளே, வெளியூர்க்காரர்களுக்குத்தான் அது உல்லாசப் பயணம். எங்களுக்குப் படகு என்பது டவுன் பஸ் மாதிரி. கல்யாணப் பத்திரிகை வைக்க, சந்தைக்குப் போக, பிரசவத்துக்கு மகளைக் கூட்டிவர எல்லாவற்றுக்கும் அதுதான்.

என் பிறந்த வீடும் அக்கரைதான். (எந்தத் துறை என்று சொல்லப் போவதில்லை. பெயரைச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்துவானேன்?) 1925-ல் வேலை தொடங்கி 1934-ல் திறந்த அணை இது. தண்ணீர் தேங்கியபோது பழைய ஊர்களெல்லாம் உள்ளே போய்விட்டன. கோடையில் தண்ணீர் வெகுவாக இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய மாதா கோயில் கோபுரமும் வெளியே தலைநீட்டும். பார்க்க அதிசயமாகத்தான் இருக்கும். ஆனால் நந்தி தெரிகிற வருஷம் எங்கள் கால்களுக்குக் கேடு. சிமெண்ட் படி எங்கேயோ மேட்டில் நிற்கும், படகு எங்கேயோ பள்ளத்தில் நிற்கும். நடுவில் முழங்கால் சேறு!

போன வருஷம் என் நாத்தனார் சென்னையிலிருந்து பிள்ளைகளோடு வந்தார். "அண்ணி, உங்க அம்மா வீட்டுக்குப் படகுலேயே போய் வரலாம்" என்று குழந்தைகள் மாதிரி ஆசைப்பட்டார். என் மாமியாரும் கிளம்பிவிட்டார். அவருக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். துறையில் பிடித்து இறங்க ஒரு கம்பி கிடையாது. படகு ஆடுகிறது, பலகை வழுக்குகிறது. "ஏங் கண்ணு, நான் இக்கரையிலேயே உட்கார்ந்துக்கிறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்றார். கடைசியில் படகுக்கார அண்ணன், "வாங்கம்மா, என் தோளைப் புடிச்சுக்குங்க" என்று கிட்டத்தட்ட தூக்கியே ஏற்றினார். அந்த மனிதரின் நல்ல மனசு, போய்ச் சேர்ந்தோம். தினம் எத்தனை பேரை அவர் தூக்குவார்?

உயிர் காக்கும் 'லைஃப் ஜாக்கெட்' கொடுத்தார்கள், இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் எல்லாம் பெரியவர்கள் அளவு. நாத்தனாரின் ஆறு வயசுப் பையனுக்குப் போட்டால் அவன் உள்ளே காணாமல் போய்விட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீரில் விழுந்தால் அந்த ஜாக்கெட் மட்டும் மேலே மிதக்கும், பிள்ளை அடிவழியாக நழுவிவிடும். குழந்தைக்குக் குழந்தை அளவுதான் வேண்டும்.

நாத்தனார் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் காதோடு சொன்னாள்: "அத்தை, அங்கே பாத்ரூம் கிடையாதுன்னு அம்மா சொன்னாங்க." இக்கரையிலும் இல்லை, அக்கரையிலும் இல்லை. ஆண்களுக்கு வேலி ஓரம் போதும். நாம் என்ன செய்வது? இப்படித் தண்ணீர் குடிக்காமல் அடக்கி அடக்கித்தான் நீர்க்கடுப்பு வருகிறது. பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் நீளம் குறைவு என்பதால் கிருமி சுலபமாக மேலே ஏறிவிடும். கர்ப்பிணியாக இருந்தால் அது சிறுநீரகத்தைத் தாக்கிக் குறைப் பிரசவம் வரை இழுத்துவிடலாம். அக்கரையிலிருந்து ஆஸ்பத்திரி செக்கப்புக்கு மாசாமாசம் படகில் வருகிற பெண்களை நினைத்துப் பாருங்கள்.

ஆபத்து என்று ஒன்று நடந்த பிறகுதான் இதெல்லாம் பேச்சுக்கு வருகிறது. 2009 செப்டம்பரில் தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். 2023 மே மாதம் கேரளத்து தானூரில் 22 பேர், அதில் பாதிக்கு மேல் குழந்தைகள். இரண்டும் தினம் தண்ணீரில் புழங்குகிற ஊர்களில் நடந்தவை. 2021-ல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் என்று புதிதாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். விசைப்படகைப் பதிவு செய்து, சோதித்துச் சான்று வாங்கி, உயிர் காக்கும் சாதனங்களும் வைத்திருக்கவேண்டும். சட்டம் சரிதான். கரையில் கால் வைக்க இடம் யார் போடுவது?

இதற்குப் பணம் இல்லையா என்று இவரிடம் கேட்டேன். "பணம் இருக்கு, கேக்கத்தான் ஆள் இல்லே" என்று பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார். அதன் பிறகுதான் நான் விசாரிக்க ஆரம்பித்தேன். சுற்றுலாத் தலங்களுக்கென்று மத்திய அரசு 2014-15-ல் தொடங்கிய 'ஸ்வதேஷ் தர்ஷன்' திட்டம் இருக்கிறது, முழுப்பணமும் அவர்களே கொடுக்கிறார்கள். ஆனால் அது மாநிலம் பார்த்துக் கேட்கவேண்டிய பெரிய இடத்து விஷயம், நம் கைக்கு எட்டாது. எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதி உண்டு, எம்.எல்.ஏ.வுக்கும் தனியாக உண்டு. இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது நம் மாநிலத்து 'நமக்கு நாமே' திட்டம். பொதுவாக மூன்றில் ஒரு பங்கை ஊரார் போட்டால் மீதியை அரசாங்கம் போடும்.

ஊரார் பங்கு என்றதும் பெரிய நாத்தனார் மகன் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் ஒரிகான் என்ற மாநிலத்தில் வேலை பார்க்கிறான். போனில் கேட்டால் கதை கதையாகச் சொல்கிறான். "அத்தை, இங்கே படகு வெச்சிருக்கிறவங்க கட்டுற பதிவுக் கட்டணமும், படகுக்கு ஊத்துற பெட்ரோல் வரியும் திரும்பப் படகுத் துறைக்கே வருது!" 1984-லேயே நாடு முழுவதற்கும் அப்படி ஒரு நிதியை வலுப்படுத்தினார்களாம். 1998-ல் பெரிய படகுகள் கட்டும் துறைகளுக்கென்று தனி மானியம். செலவில் முக்கால் பங்கு வரை மத்திய அரசு, மீதி உள்ளூர். எனக்கு வாய் பிளந்தது அதற்கில்லை. அங்கே ஏரி நடுவில் மிதக்கும் கழிப்பறையே கட்டி வைத்திருக்கிறார்களாம்! படகிலேயே போய்ப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வரலாம். அசிங்கம் தண்ணீரில் கலக்கக்கூடாது என்பதற்காகவாம். நமக்கு மிதக்கவேண்டாம், தரையில் கதவு சாத்துகிற மாதிரி ஒன்று இருந்தால் போதும் என்று சொன்னேன்.

ஆனால் துறை மட்டும் மிதக்கத்தான் வேண்டும். அதை அவன் படம் அனுப்பிய பிறகுதான் புரிந்துகொண்டேன். காற்றடைத்த பிளாஸ்டிக் கட்டைகளைக் கோத்து மேலே பலகை போட்டு, கரைக்கும் அதற்கும் நடுவே கீல் வைத்த பாலம். தண்ணீர் ஏறினால் துறையும் ஏறும், இறங்கினால் கூடவே இறங்கும். ஒரு வருஷம் 120 அடி, இன்னொரு வருஷம் பாதிகூட இல்லை என்று ஆடுகிற எங்கள் அணைக்கு, சிமெண்ட் படியைவிட இதுதானே லாயக்கு? நிதி வந்தால் முதலில் வளைவும் வண்ண விளக்கும் வைத்து 'செல்ஃபி' எடுக்க இடம் கட்டுகிறார்கள். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கைப்பிடிக் கம்பிக்குப் பிறகு வைக்கட்டுமே!

நான் நகராட்சி வாசி, அக்கரை கிராம சபையில் எனக்கு ஓட்டு இல்லை. ஆகவே என் அண்ணியைப் பிடித்தேன். அண்ணி மகளிர் குழுத் தலைவி, எட்டாவது வரை படித்தவர், வாயைத் திறந்தால் எதிரே யாரும் நிற்கமுடியாது. மனுவை நான் எழுதினேன், குழுப் பெண்களிடம் அண்ணி கையெழுத்து வாங்கினார். அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து படித்தபோது பின்னாலிருந்து யாரோ, "படகுக்கும் கக்கூஸுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார்களாம். அண்ணி திரும்பிப் பார்த்து, "உங்க வீட்டம்மாவைக் கேளுங்க, சொல்லுவாங்க" என்றாராம். தீர்மானம் எழுதிவிட்டார்கள். ஊர்ப் பங்குக்குக் குழுச் சேமிப்பிலிருந்து ஒரு தொகை தருவதாகவும் சேர்த்து எழுதச் சொல்லிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து அளவெடுக்க ஓர் இளம் என்ஜினியர் வந்தார். வந்தவர் சிமெண்ட் படிக்குத்தான் அளந்தார். அண்ணி அவரைக் கூட்டிப்போய், கோடையில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று சேற்றில் ஒரு குச்சியை நட்டுக் காட்டினாராம். அந்தத் தம்பி நல்ல பிள்ளை. "மிதக்கிற துறைக்கு எனக்கு அதிகாரம் இல்லீங்கக்கா, மேலே எழுதி அனுப்புறேன்" என்று குறித்துக்கொண்டு போயிருக்கிறார்.

சென்ற வாரம் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். கழிப்பறைக்கு அஸ்திவாரம் தோண்டிச் செங்கல் இறக்கியிருக்கிறார்கள். இரண்டு அறை, ஒன்று பெண்களுக்கு. குழுக்காரர்கள் தங்கள் செலவில் வாங்கிக் கொடுத்த ஆறு சின்ன ஜாக்கெட்டுகள் படகில் தொங்குகின்றன, வெளியூர்க் குழந்தைகளுக்கும் அதைத்தான் மாட்டிவிடுகிறார்கள். மிதக்கும் துறைக்கு மேலிடத்துப் பதில் வரவில்லை. அடுத்த கிராம சபை மனுவை இந்தத் தடவை அண்ணி தானே எழுதி வைத்திருக்கிறார். பிழை திருத்தித் தரச் சொன்னார். இரண்டே இரண்டு எழுத்துப் பிழைதான் இருந்தது.