கட்டளைக் கலித்துறையும் கட்டளைவரியும்

கணினிக்கு நிரல் எழுதப் புகுவோர் முதற்கண் எதிர்ப்படும் வினா, எந்த நிரல்மொழியைக் கைக்கொள்வது என்பதாம். வல்லாரைக் கேட்பின் ஒவ்வொருவரும் தாம் பழகிய மொழியையே புகழ்வர். தமிழிலக்கியம் பயிலும் யான் இவ்வினாவை யாப்பின் வழியாக அணுக நேர்ந்தது. அதனை நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

மணலி புதுநகரில் எங்களோடு வாழும் என் தாய்வழிப் பாட்டனார், ஆலைப்பணியினின்று ஓய்வு பெற்றபின், கட்டளைக் கலித்துறையில் நூறு பாக்கள் கொண்ட அந்தாதி ஒன்று இயற்றினார். 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வெள்ளம் வீட்டினுட் புகுந்தபோது அக்கையேடு நீரில் ஊறி மையழிந்து போயிற்று. இப்பொழுது அப்பாக்களை அவர் நினைவினின்று மீட்டு வருகின்றார். அவர் சொல்வதைப் பகலில் என் தங்கை வீட்டு விண்டோஸ் கணினியிலும், இரவில் யான் என் லினக்ஸ் மடிக்கணினியிலும் ஏற்றுகின்றோம். சில பாக்களை மனப்பாடமாக அறிந்த என் மாமா, மும்பையிலிருந்து தம் மாக் கணினியில் எழுதி அனுப்புகின்றார்.

நினைவு ஒரு சொல்லை நழுவவிட்டதோ என்றறிய யாப்பே துணை. நேரசை முதலாய அடிக்கு 16 எழுத்தும், நிரையசை முதலாய அடிக்கு 17 எழுத்தும் ஒற்று நீக்கி வருதல் வேண்டும் என்பது விதி. 400 அடிகளை மங்கிய கண்ணால் எண்ணுதல் அவர்க்கு அரிது. ஆதலின் எண்ணித் தரும் சிறு நிரல் ஒன்று, மேற்கூறிய மூவகைக் கணினியிலும் ஓடுவதாக, வேண்டியதாயிற்று. சித்திரமும் பொத்தானும் அதற்கு வேண்டா. கட்டளைவரியில் கோப்பின் பெயரை இட்டால் அடிதோறும் எண்ணைக் காட்டினாற் போதும்.

‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளம் யாதென வினவின், பைத்தான் 5 என்னும். கோ 15 என்னும். சுவிப்ட் 3 என்னும். மூன்றும் பொய்யல்ல. யூனிகோடு முறையில் அச்சொல் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாம். பைத்தான் அவற்றை எண்ணுகின்றது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க்குறியும் 3 பைட்டு ஆதலின் கோ 15 என்கின்றது. சுவிப்ட் நம் கண் காணும் எழுத்தை எண்ணுகின்றது. யாப்போ ஒற்று நீக்கி 2 என்னும்! எனவே விதியை யானே எழுதல் வேண்டும். அதுவும் எளிதே: உயிரெழுத்தையும், புள்ளி பெறாத மெய்க்குறியையும் மட்டும் எண்ணி, ஏனைக் குறிகளை விடுக. இஃது எம்மொழிக்கும் இயலும்.

இனித் தெரிவு நிரலைப் பெறுவோரைப் பற்றியதாயிற்று. பைத்தான் கற்க இனியது. தமிழெழுத்தைப் பிரித்துத் தரும் ஓப்பன்-தமிழ் என்னும் தொகுப்பும் அதற்கு உண்டு. ஆயின் அந்நிரல் ஓடப் பைத்தானும் அக்கணினியில் இருத்தல் வேண்டும். ஒரே கோப்பாகக் கட்டும் பைஇன்ஸ்டாலர் உளதெனினும், விண்டோசுக்குரியதை விண்டோசிலும் மாக்குக்குரியதை மாக்கிலுமே கட்ட இயலும். சுவிப்ட் ஆப்பிள் நிறுவனத்தாரது. அதன் விண்டோஸ் பதிப்பு 2020-இல்தான் வந்தது. கோ மொழியோ என் லினக்ஸ் கணினியிலிருந்தே மூன்றிற்கும் தனித்தனி ஒற்றைக் கோப்பு ஆக்கித் தரும். பெறுவோர் வேறொன்றும் நிறுவ வேண்டா. 2009-இல் வெளிப்பட்ட அம்மொழியை ஆக்கிய மூவருள் கென் தாம்சன், ராப் பைக் ஆகிய இருவரே 1992-இல் யூடிஎஃப்-8 முறையை வகுத்தோர் என்பதும் ஈண்டு அறியத்தக்கது.

ஆகவே கோவையே தெரிந்தேன். விண்டோசின் பழைய கட்டளைத்திரையில் தமிழ் சிதைந்து தோன்றுமாதலின், பாவெண், அடியெண், எழுத்தெண் ஆகிய இலக்கங்களை மட்டும் காட்டுமாறு அமைத்தேன். நிரல்மொழி தெரிவோர், எழுதுவோன் கைக்கு இனியது யாது என்று கேட்குமுன், நிரல் யார் வீட்டில் வாழப்போகின்றது என்று கேட்டல் நன்று.

சென்ற திங்களில் 37-ஆம் பாவின் மூன்றாமடிக்கு 14 என்று வந்தது. பாட்டனார் அவ்வடியை அன்று முழுதும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். மறுநாள் வைகறையில் என்னை எழுப்பி, விடுபட்ட சொல்லைச் சொன்னார். எண் 16 ஆயிற்று. இன்னும் 41 பாக்கள் உள.