ஊமைப்படமும் ஆலய ஆர்கனும்

நியூயார்க் மாநகரின் மான்ஹாட்டன் தீவில், ஆம்ஸ்டர்டாம் சாலையோரம், புனித யோவானின் பெயர் தாங்கிய பேராலயம் ஒன்று உயர்ந்து நிற்கின்றது. ஆங்கிலிக்கன் மரபைச் சார்ந்த எப்பிஸ்கோப்பல் சபையாருக்கு உரியது இது. 1892-ஆம் ஆண்டு புனித யோவானின் திருநாளாகிய டிசம்பர் 27 அன்று அடிக்கல் நாட்டப்பெற்ற இவ்வாலயம் இன்றளவும் முற்றுப்பெறவில்லை. ஆதலின் ஊரார் இதனை ‘முற்றுப்பெறாத யோவான்’ என வேடிக்கையாக அழைப்பதுண்டு. ஆலயத்தின் நீளமோ 601 அடி!

இத்துணைப் பெரிய இறை இல்லத்தில் ஊமைப்படம் காட்டப்பட்டது என்றால் அன்பர்கள் வியப்படையக்கூடும். அனைத்துப் புனிதர் பெருவிழாவை ஒட்டி, மேலைநாட்டார் ‘ஹாலோவீன்’ கொண்டாடும் அக்டோபர் இறுதியில், பல ஆண்டுகள் இந்நிகழ்ச்சி இங்கு நடைபெற்று வந்துள்ளது. 1922-இல் ஜெர்மானிய இயக்குநர் முர்னாவ் ஆக்கிய ‘நோஸ்ஃபெராட்டு’ போன்ற திகில் படங்கள் வெண்திரையில் ஓடும். வசனத்துக்கும் ஒலிக்கும் ஈடு செய்வது ஆலயத்து ஆர்கன். படம் முடிந்தபின் பேயுருவும் பூதவுருவும் தரித்தவர்கள் ஆலயத்தினுள்ளே ஊர்வலம் வருவார்கள்.

நம் ஊர் ஆலயங்களில் ஆர்மோனியத்தின் துருத்தியைக் கையால் அசைத்துக் காற்றூட்டுவதை நாம் அறிவோம். அங்கே அதே காற்று, எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்களில் புகுந்து ஒலிக்கின்றது. 1910-இல் அமைக்கப்பெற்று 1954-இல் புதுப்பிக்கப்பட்ட இக்கருவி, 2001 டிசம்பரில் நேர்ந்த தீ விபத்தில் புகையால் பழுதுற்றது. சீர்செய்யப்பெற்று 2008-இல் மீண்டும் ஒலித்தது. இதன் எக்காளக் குழாய்கள் சில, வாசிப்பவர் அமரும் இடத்திலிருந்து சுமார் 500 அடிக்கு அப்பால், மேற்கு வாயிலின் மேலே உள்ளன. அங்கிருந்து எழும் ஒலி அவர் செவியை எட்ட ஏறத்தாழ அரை விநாடி ஆகும். திரையில் கதவு திறக்கும் நொடிக்கு ஒலி பொருந்த வேண்டுமெனில், கை எத்துணை முந்த வேண்டும்!

1920-களில் மேலைநாட்டுப் பெரிய திரையரங்குகள் பலவற்றில் படத்துக்குத் துணையாக ஆர்கன் ஒலித்தது. 1927-க்குப் பின் பேசும் படங்கள் பெருகவே அவ்வழக்கம் தேய்ந்தது. ஆனால், காட்சியைக் கண்டவாறே இசை புனையும் கலை ஆலயங்களில் மறையவில்லை. குருவானவர் பவனியாகப் பீடத்தை அடையும் வரை இசையை நீட்டவும், அடைந்ததும் தக்க இடத்தில் முடிக்கவும் ஆர்கன் வாசிப்பவர் அறிந்திருக்க வேண்டும். கண் பீடத்தின்மீதும் கை கட்டைகளின்மீதுமாக அவர் பெற்ற பயிற்சியே ஊமைப்படத்துக்கும் உதவுகின்றது. பீடப் பணியில் பழகிய கலையே திரைக்குச் சென்றுள்ளது எனலாம்.

எனினும், ஆண்டவரின் இல்லத்தில் இது தகுமா? 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, வழிபாட்டுக்கும் பக்திக்கும் உதவுவனவற்றையே புனித இடத்தில் அனுமதிக்க வேண்டும் எனப் பணிக்கின்றது. இடத்தின் புனிதத்துக்கு முரணாகாத வேறு பயன்பாட்டை ஆயர் ஒரோவழி அனுமதிக்கலாம். ஆலய இசை நிகழ்ச்சிகள் குறித்து உரோமை 1987-இல் அனுப்பிய மடல், கட்டணம் வாங்கலாகாது எனவும், இயன்றவரை நற்கருணையைத் தனிச் சிற்றாலயத்துக்கு மாற்ற வேண்டும் எனவும் அறிவுறுத்துகின்றது.

திரைப்படத்தைத் திருச்சபை வெறுக்கின்றதென எண்ண வேண்டா. 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில் ‘நோஸ்ஃபெராட்டு’வும் கலைப் பிரிவில் இடம்பெற்றது. இரத்தம் குடிக்கும் தீயவனை, மாசற்ற பெண்ணொருத்தி தன் உயிரையே ஈந்து சேவல் கூவும்வரை நிறுத்திவைக்க, உதயக் கதிரில் அவன் அழிகின்றான் என்பதே அதன் முடிவு. படத்தைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆனால் புனிதர்களின் பெருவிழாவை நெருங்கும் வேளையில், அவர்கள் நினைவு சிறிதுமின்றிப் பேயுருவங்களை ஆலயத்துள் உலவ விடுவது நமக்கு ஒவ்வவில்லை.

அதே பட்டியலில் சமயப் பிரிவில் இடம்பெற்ற மற்றோர் ஊமைப்படம், டென்மார்க் நாட்டவரான டிரேயர் 1928-இல் ஆக்கிய ‘ஜோன் ஆப் ஆர்க்கின் பாடுகள்’. இதன் மூலச்சுருள் அவ்வாண்டே பெர்லினில் தீக்கிரையாயிற்று. 1981-இல், ஆஸ்லோ நகர மனநோய் மருத்துவமனை ஒன்றின் அலமாரியில் முதல் வடிவப் பிரதி கிடைத்தது. பல நாட்டு ஆலயங்களில் இப்படம் ஆர்கன் இசையோடு காட்டப்பட்டுள்ளது. 1431-இல் ரூவான் நகரில் அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணை எரிதழலுக்கு உள்ளாக்கியது, ஆயர் ஒருவர் தலைமை தாங்கிய திருச்சபை நீதிமன்றமே. 1456-இல் அத்தீர்ப்பு செல்லாதென அறிவிக்கப்பட்டது. 1920-இல் அவள் புனிதையானாள். திரை நிறைய நீதிபதிகளின் முகங்கள். வாய் அசைகின்றது, சொல் கேட்பதில்லை. அவளது கண்ணீருக்கு ஆர்கன் குரல் கொடுக்கின்றது. குருக்களாகிய நமக்கு இதனைத் திரையரங்கில் காண்பதும் பீடத்தின் எதிரே காண்பதும் ஒன்றாகா. அங்கே பிறர் செய்த அநீதியாகத் தோன்றுவது, இங்கே நம் ஆன்ம சோதனையாக மாறுகின்றது.

எனவே, பொழுதுபோக்குப் படங்களுக்குப் பங்கின் சமூகக்கூடம் போதும். ஆலயத்துள் படம் காட்ட எவரேனும் அனுமதி கேட்டால், சட்டத்தோடு இதையும் எண்ணிப் பார்ப்போம்: இறுதிக் காட்சி மறைந்து, ஆர்கன் ஓய்ந்து, விளக்குகள் ஏற்றப்படும் வேளையில் மக்கள் முழந்தாளிட விரும்புவார்களா? ஆம் எனில் அது ஆலயத்துக்கு ஏற்றதே.