வேடந்தாங்கலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அரையாண்டு விடுமுறை விட்டதுமே எங்கள் வீட்டில் நச்சரிப்பு ஆரம்பித்துவிடும். கடற்கரை, வண்டலூர் மிருகக்காட்சிசாலை எல்லாம் பார்த்தாகிவிட்டது. இந்தத் தடவை யோசனை சொன்னவர் என் மாமியார்தான். "வேடந்தாங்கலுக்குப் போகலாமேம்மா, பட்சிங்க வந்திருக்குமே!" என்றார்.

கூடுவாஞ்சேரியிலிருந்து வேடந்தாங்கல் சுமார் 50 கிலோமீட்டர். விடியற்காலையில் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு மின்சார ரயில் ஏறினோம். செங்கல்பட்டு நெருங்கும்போது கொளவாய் ஏரி ஜன்னலோரமாகக் கூடவே வந்தது. அங்கே இறங்கி பஸ் பிடித்தோம். படாளம் கூட்டுரோட்டில் திரும்பியதும் இரண்டு பக்கமும் நெல் வயல்கள்தான்.

ஏரிக்கரையில் ஏறியதும் சின்னவன் "ஹோ!" என்று கூச்சல் போட்டுவிட்டான். கரையில் நின்றிருந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், "தம்பி, கத்தாதேப்பா. கூட்டிலே குஞ்சு இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தொட்டிலில் பிள்ளை தூங்கும் வீட்டில் நாம் சொல்வோமே, அந்த மாதிரி!

தண்ணீருக்குள்ளேயே நிற்கும் நீர்க்கடம்ப மரங்கள். கிளை கொள்ளாமல் பறவைகள். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், நீர்க்காகம், வக்கா என்று பெயர்ப் பலகையைப் பார்த்துப் பார்த்துப் பெரியவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். வெகு தூரத்து வடநாடுகளிலிருந்து வந்த ஊசிவால் வாத்துகளும் நீந்திக்கொண்டிருந்தன.

"இதுங்களாலே ஊருக்கு என்ன லாபம்?" என்று அத்தை கேட்டார். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவராயிற்றே!

"எச்சம் விழுந்த தண்ணிதாம்மா வயலுக்குப் பாயுது. அதுவே எரு" என்றார் பெரியவர். வெறும் வேடிக்கைக்காக வெட்டிய குளமல்ல இது. வயலுக்குப் பாசனம் தரும் ஏரி என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஊரின் கதையும் கேட்கத் தகுந்தது. தாங்கல் என்றால் சிறிய ஏரி. பெயரிலே வேடன் இருந்தாலும், ஊர் வேட்டையை எதிர்த்து நின்ற ஊர். கும்பினியார் காலத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரார் திரண்டு போய் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்று கவுல் எழுதிக் கொடுத்தார். கவுல் என்றால் எழுத்து மூலமான உறுதி. 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936-ல் சரணாலயமாக அங்கீகாரம் கிடைத்தது. 2022-ல் பக்கத்திலுள்ள கரிக்கிலியோடு சேர்த்து, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. சட்டம் வருவதற்கு முன்பே காவல் இருந்தவர்கள் ஊர்க்காரர்கள்தான்.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் இரை தேடப் போன பறவைகள் சாரி சாரியாகத் திரும்பின. சின்னவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தான்.

போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். நல்ல மழை பெய்த வருடத்தில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் போங்கள். ஏரியில் தண்ணீர் இல்லாவிட்டால் பறவைகளும் இருக்காது. விடியற்காலையோ, மாலையோதான் நல்ல நேரம். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் உடை வேண்டாம். குடிநீரும் கைக்குழந்தைக்குத் தொப்பியும் மறக்காதீர்கள். தொலைநோக்கி கிடைத்தால் கொண்டுபோங்கள். சாப்பிட்ட இலையையும் காகிதத்தையும் பையிலேயே திருப்பி எடுத்துவந்துவிடுங்கள்.

வீடு திரும்பிய மறுநாள். வழக்கம்போல சுவாமி படத்து வாடிய பூவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, நந்திவரம் ஏரிப் பக்கம் போடக் கிளம்பினேன். பல வருஷப் பழக்கம். தப்பு என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

"அம்மா, நம்ம ஏரிக்கு யாரும்மா காவல்?" என்று கேட்டான் சின்னவன்.

பதில் சொல்ல வாய் வரவில்லை. பையை அவிழ்த்து, பூவைத் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் போட்டேன். இப்போது அதுதான் எங்கள் செடிகளுக்கு எரு. அன்றிலிருந்து நந்திவரம் ஏரிக்கு என் கையால் ஒரு பை கூடப் போகவில்லை.