மேலே ஒருவர், கீழே ஒருவர்



ஐப்பசி பிறந்துவிட்டது. ராஜகிரியின் உச்சியை மேகம் மறைக்கும் காலைகள் தொடங்கிவிட்டன. மழைக்காலத்தில் நம்மில் பலருடைய வீடுகளுக்கும் வருகிற ஒரு தொல்லையை இந்த வாரத் தியானத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்: வெளிச்சத்துக்காக மேல்தளத்தில் விட்ட கண்ணாடி ஒழுகுவது.

செஞ்சியின் பழைய தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. வாசலில் வெளிச்சம் உண்டு, தோட்டத்துப் பக்கம் வெளிச்சம் உண்டு. நடு அறைக்கோ இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவர். அந்த அறைக்கு வெளிச்சம் வேண்டுமானால் அது மேலிருந்துதான் வரவேண்டும். முற்காலத்தில் அதற்கு முற்றம் இருந்தது. வெயிலும் மழையும் ஒன்றாக வீட்டுக்குள் இறங்கும். இறங்கிய மழை தூம்பு வழியாகத் தெருவுக்குப் போய்விடும். சீமை ஓடு வேய்ந்த வீடுகளில் ஓடுகளின் நடுவே ஒன்றிரண்டு கண்ணாடி ஓடுகளைப் பதித்தார்கள். காங்கிரீட் வந்தபின், தளத்தில் சதுரமாக ஒரு திறப்பு விட்டு, சுற்றிலும் சிறு கட்டைச்சுவர் எழுப்பி, அதன்மேல் கண்ணாடி பொருத்துகிறோம். கட்டுகிறவர்கள் அதை ஸ்கைலைட் என்கிறார்கள்.

அந்தச் சீமை ஓட்டின் வரலாற்றில் திருச்சபைக்கும் ஒரு பங்குண்டு. 1865-ஆம் ஆண்டு மங்களூரை அடுத்த ஜெப்புவில் ஓட்டுத் தொழிற்சாலையை நிறுவியவர் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட். விசுவாசத்தை ஏற்றதனால் குலத்தொழிலையும் உறவினரின் ஆதரவையும் இழந்தவர்களுக்குப் பிழைப்பு வேண்டும் என்றே அந்த மிஷன் நெசவையும் ஓட்டுத் தொழிலையும் நடத்தியது. உறவு அறுந்தவர்களின் கைகள் செய்த ஓடு, ஊர் ஊராக மற்றவர்களின் குடும்பங்களுக்குக் கூரையாயிற்று.

இனி வேதத்துக்கு வருவோம். ஆதியாகமம் 6-ஆம் அதிகாரத்தில் தேவன் நோவாவுக்குப் பேழையின் அளவுகளைச் சொல்லுகிறார். 16-ஆம் வசனத்தில், பேழையின் மேற்பகுதியில் ஒரு முழ அளவோடு அமையவேண்டிய ஒன்றைக் குறிப்பிடுகிறார். நம் தமிழ் வேதாகமம் அதை ஜன்னல் என்கிறது. எபிரெயத்தில் அந்தச் சொல் 'சோகார்'. நண்பகலைக் குறிக்கும் எபிரெயச் சொல் இதனோடு இனமானது. அதனால் பலர் இதை வெளிச்சத்துக்கான திறப்பு என்றும், வேறு சிலர் கூரை என்றும் பொருள் கொள்கிறார்கள். முதற்பொருளை எடுத்துக்கொண்டால், வேதத்தில் நாம் காணும் முதல் ஸ்கைலைட் அதுவே.

எப்படிப்பட்ட நேரத்தில் அந்தக் கட்டளை வருகிறது என்று பாருங்கள். நாற்பது நாள் இரவும் பகலும் மழை பெய்யப்போகிறது. அப்படிப்பட்ட மழைக்குள் போகிற மரக்கலத்தில் மேலே ஒரு திறப்பு எதற்கு? எல்லாவற்றையும் அடைத்துவிடுவதே பாதுகாப்பு என்று எந்தத் தச்சனும் சொல்லியிருப்பான். தேவன் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு வசனங்களுக்கு முன்பு, 14-ஆம் வசனத்தில், உள்ளும் புறமும் கீல் பூசும்படி கட்டளையிடுகிறார். இணைப்புகளுக்குக் கீல்; வெளிச்சத்துக்குத் திறப்பு. இரண்டும் ஒரே கட்டளையின் இரண்டு பாகங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆதியாகமம் 7:11-இல் ஜலப்பிரளயம் இறங்கிய வழியைத் தமிழில் 'மதகுகள்' என்று வாசிக்கிறோம். மல்கியா 3:10-இல் ஆசீர்வாதம் இறங்கும் வழியைப் 'பலகணிகள்' என்று வாசிக்கிறோம். எபிரெயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான். தண்ணீர் வருகிற வழியும் நன்மை வருகிற வழியும் ஒரே வழியாக இருக்கலாம். அதனால்தான், ஒழுகுகிறது என்று திறப்பை அடைத்துவிடும் எண்ணம் வரும்போது நாம் சற்று நிற்கவேண்டியிருக்கிறது.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து அசையாமல் நின்றதை நாம் மறக்கவில்லை. நமக்கு அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை. அந்த இரவில் நம் சபையின் ஒரு வீட்டில், நடு அறையின் மேற்கண்ணாடி வழியாகத் தண்ணீர் ஊற்றியது. அந்த வீட்டாரின் சம்மதத்தோடே, பெயர் சொல்லாமல் இதை எழுதுகிறேன்.

அந்த அறை வயது முதிர்ந்த ஒரு தாயாருடையது. அவர்களால் நடமாட முடியாது. மேலிருந்து விழும் வெயில் சுவரில் எங்கே நிற்கிறது என்பதை வைத்தே அவர்கள் நேரம் சொல்வார்கள். அந்த வெயில் கட்டிலுக்கு வரும்போது வேதம் வாசிப்பார்கள். வீட்டின் கீழ்ப்பகுதி மூத்த மகனுக்கு, மேல்பகுதியும் மாடித்தளமும் இளையவருக்கு. பாகம் பிரித்ததில் உண்டான மனத்தாங்கலால் நான்கு ஆண்டுகளாக இருவருக்கும் பேச்சில்லை. ஒழுகுகிற இடம் அண்ணனுடைய வீட்டில். அதைச் சரிசெய்ய நிற்கவேண்டிய இடம் தம்பியுடைய தளத்தில். ஒருவரை ஒருவர் கேட்க மனமில்லாமல், ஒவ்வோர் ஆண்டும் கண்ணாடியின் ஓரத்தில் உள்ளிருந்தே சிமெண்ட் குழைத்து அப்பினார்கள். ஒவ்வொரு கோடையிலும் அது வெடித்தது. புயலுக்குப் பிறகு அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார்: திறப்பையே காங்கிரீட் போட்டு மூடிவிட்டு, அம்மாவுக்கு ஒரு டியூப்லைட் மாட்டிவிடுவது. தம்பியும், தன் தளத்தில் தடுக்குகிற கட்டைச்சுவர் ஒழிந்தால் நல்லது என்று இருந்தார். நான்கு ஆண்டுகளில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே காரியம், தாயின் வெளிச்சத்தை அடைப்பது.

அந்த வாரத்தில் தாயாருக்குத் திருவிருந்து கொடுக்க நான் சென்றிருந்தேன். மூடுவதற்கு அளவு பார்க்க வந்த கொத்தனாரும் அங்கே இருந்தார். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி நல்லா இருக்குதுங்க. தண்ணி எங்க உள்ள வருதுன்னு பாக்காம மூடினா, நாளைக்கு வேற எடத்துல வரும்" என்றார். தண்ணீர் விட்டுத்தான் பார்க்கவேண்டும். அதற்கு மேலே ஒருவர், கீழே ஒருவர் வேண்டும். அவருடைய சித்தாள் அன்று வரவில்லை. கொத்தனார் ஒவ்வோர் இணைப்பாகச் சுட்டிக்காட்ட, வாளியும் குவளையுமாகத் தண்ணீர் விட இளையவர் மேலே நின்றார். கீழே, கட்டிலுக்குப் பக்கத்தில், மூத்தவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்தச் சோதனையை அவசரமாகச் செய்ய முடியாது. முழுத்தளத்திலும் ஒரேயடியாகத் தண்ணீர் கொட்டினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். முதலில் தாழ்வான இடம், தளமும் கட்டைச்சுவரும் சேரும் மூலை. அங்கே விட்டுவிட்டு அரைமணி நேரம் காத்திருக்கவேண்டும். பிறகு கட்டைச்சுவர், பிறகு கண்ணாடியின் சட்டம், கடைசியாகக் கண்ணாடி. ஏனென்றால் தண்ணீர் ஓரிடத்தில் நுழைந்து, தளத்துக்குள்ளேயே ஓடி, வேறோர் இடத்தில் சொட்டும். சொட்டுகிற இடம் நமக்குத் தெரியும். நுழைகிற இடம் மேலே நிற்பவருக்கும் கீழே நிற்பவருக்கும் சேர்ந்தேதான் தெரியும்.

"வருதா?" என்று மேலிருந்து குரல் வந்தது. கீழே பதில் இல்லை. கொத்தனார் திரும்பவும் கேட்டார். "இல்ல" என்றார் மூத்தவர். சிறிது நேரம் கழித்து மறுபடியும், "வருதா?" "இன்னும் இல்ல." இப்படியே ஏறத்தாழ அரைமணி நேரம். திடீரென்று அவர், "நிறுத்துடா, வருது!" என்று கத்தினார்.

நான்கு ஆண்டுகளாகத் தம்பியை 'மாடி வீட்டுக்காரர்' என்றே குறிப்பிட்டு வந்தவர் அவர். அந்த 'டா' அவர் அறியாமல் வந்துவிட்டது. கட்டிலில் இருந்த தாயார் கண்களை மூடிக்கொண்டார்கள்.

தண்ணீர் நுழைந்தது கண்ணாடியில் அல்ல. தளமும் கட்டைச்சுவரும் சேரும் மூலையில் நூல்போல ஒரு வெடிப்பு. தளத்தின் தண்ணீர் போகும் குழாய் வாய் இலையும் மண்ணும் சேர்ந்து அடைபட்டிருந்தது. அதனால் தேங்கிய நீர் அந்த வெடிப்புக்கு மேலே ஏறி நின்றிருக்கிறது. சோம்பலினால் கூரை தாழ்ந்துபோவதையும் வீடு ஒழுகுவதையும் பிரசங்கி 10:18-இல் ஞானி சேர்த்துச் சொல்லுகிறார். நம் கோட்டைக்கு 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. அங்கே நடக்கும்போது பாருங்கள்: கல் எளிதில் உடைவதில்லை. கல்லும் கல்லும் சேரும் இடத்தில் ஓர் அரச விதை விழுந்து, கவனிப்பாரற்று வளர்ந்தால், அதுவே சுவரைப் பிளக்கிறது. கட்டடங்கள் இணைப்புகளில்தான் முதலில் தோற்கின்றன.

அந்த வீட்டில் கொத்தனார் செய்த வேலை எளியது. வெடிப்பைக் கீறி அகலப்படுத்தினார்; உதிர்ந்த காரையை நீக்கி, மூலையை உருட்டிப் பூசி, நீர்த்தடுப்புப் பூச்சைத் தளத்திலிருந்து கட்டைச்சுவரின் மேல்வரை ஒரே தொடர்ச்சியாக ஏற்றினார். கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றிலும் வருடாவருடம் அப்பிய சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, இழுபடும் தன்மையுள்ள சிலிக்கோன் வைத்தார். ஏன் சிமெண்ட் உதவவில்லை? செஞ்சியின் கோடையில் அலுமினியச் சட்டம் கண்ணாடியைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாக விரியும். இரவில் அதேபோலச் சுருங்கும். வெவ்வேறு அளவில் அசைகிற இரண்டுக்கும் நடுவில் அசையவே மாட்டேன் என்கிற ஒன்றை வைத்தால், அது வெடிக்கத்தான் செய்யும்.

பிரியமானவர்களே, எபேசியர் 4-ஆம் அதிகாரத்தின் 16-ஆம் வசனத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் கிறிஸ்துவின் சரீரத்தைப்பற்றி எழுதும்போது, அது கணுக்களினால் இசைந்து இணைக்கப்படுவதையும், அன்பினாலே கட்டப்படுவதையும் சொல்லுகிறார். அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில் அவர் கேட்பது சாந்தமும் நீடிய பொறுமையும் தாங்குதலும். இவை இணைப்பில் இருக்கவேண்டிய குணங்கள். அண்ணனும் தம்பியும், மாமியாரும் மருமகளும், போதகரும் சபையாரும் ஒரே அளவில் விரிகிறவர்கள் அல்லர். ஒருவர் சட்டென்று சூடாவார், மற்றவருக்கு நாளாகும். நாம் அவர்களுக்கு நடுவில் வைப்பது பெரும்பாலும் சிமெண்ட்தான்: "நான் சொன்னது சொன்னதுதான்" என்னும் சொல், "இனி அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன்" என்னும் சபதம். வைத்த அன்று அது உறுதியாகவே தோன்றும். ஒரு கோடை தாங்குவதில்லை.

அது வெடித்தபின் நமக்கு வரும் அடுத்த யோசனை, திறப்பையே மூடிவிடுவது. நண்பரால் காயம்பட்டவர் நட்பையே மூடுகிறார். சபையில் ஒரு சொல்லால் புண்பட்டவர் ஆராதனையையே மூடுகிறார். ஜெபத்துக்குப் பதில் வரவில்லை என்று ஜெபத்தை மூடியவர்களும் நம் நடுவில் உண்டு. மூடினால் ஒழுகல் நிற்கும் என்பது உண்மை. அறை இருட்டாகும் என்பதும் உண்மை. அந்த இருட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று கேளுங்கள். அநேக வீடுகளில் அது ஒரு வயதான தாயாக இருக்கும், அல்லது காரணமே அறியாத ஒரு பிள்ளையாக இருக்கும்.

மத்தேயு 5:23, 24 வசனங்களில் நம் ஆண்டவர் பலிபீடத்தண்டையில் காணிக்கையோடு நிற்கிறவனைப் பாதியில் நிறுத்தி, சகோதரனிடத்தில் அனுப்புகிறார். சகோதரனுக்கு நம்பேரில் என்ன குறை என்பதை நாம் தனியே முழங்காலில் நின்று முழுவதும் அறிந்துவிட முடியாது. நமக்குச் சொட்டுகிற இடம்தான் தெரியும். நுழைந்த இடத்தை அறிய மற்றவருடைய குரல் வேண்டும். அதனால்தான் 'போ' என்கிறார்.

அந்த வீட்டின் பாகப் பேச்சு இன்னும் முடியவில்லை. பெரியவர்கள் நடுவிருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். முடிந்துவிட்டது என்று எழுதினால் அது சத்தியமாகாது. ஆனால் இந்தப் புரட்டாசியில், மழைக்கு முன்பு, இருவரும் யாரும் சொல்லாமலே மறுபடியும் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். தாயார் இன்றும் மேலிருந்து வரும் வெளிச்சத்தில்தான் வேதம் வாசிக்கிறார்கள்.

ஆகவே இந்த வாரத்தில் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். மழை வலுக்கும் முன்பு துணையோடு மாடிக்குப் போய், குழாய் வாயில் அடைத்திருக்கும் இலைகளை அள்ளுங்கள். மூலைகளையும் கண்ணாடி ஓரங்களையும் விரலால் தடவிப் பாருங்கள். கண்ணாடியின்மேல் கால் வைக்காதீர்கள். பிறகு, நீங்கள் பெயர் சொல்லாமல் குறிப்பிட்டு வரும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய சமாதானப் பேச்சு எதுவும் முதலில் தேவையில்லை. இருவரும் சேர்ந்து செய்தாலொழிய முடியாத ஒரு சிறு வேலையை அவரிடம் கேளுங்கள்.

பரலோகப் பிதாவே, எங்கள் வீடுகளுக்கு மேலிருந்து வெளிச்சம் தருகிறவர் நீரே. ஒழுகுகிறது என்று நாங்கள் மூடிவைத்த வழிகளை எங்களுக்குக் காண்பியும். எங்கள் நடுவில் இருக்கிற இணைப்புகளில் உம்முடைய அன்பை வைத்தருளும். மழையில் வீடின்றி நனைகிறவர்களை மறவாத இருதயத்தையும் தாரும். இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம், ஆமென்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.