வைப்பர் மோட்டார்

என்ஜினைப் பற்றிப் பேசாத கார்க்காரர் கிடையாது. டயரைப் பற்றிப் புலம்பாதவரும் கிடையாது. முன்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அது நின்றுபோன பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது.

இத்தனைக்கும் அதன் சரித்திரம் சுவையானது. பனியில் டிராம் வண்டி ஓட்டியவர்கள் படும் பாட்டை நியூயார்க்கில் கண்ட மேரி ஆண்டர்சன் என்ற அம்மாள், 1903-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். உள்ளே ஒரு கைப்பிடி; அதை ஆட்டினால் வெளியே கண்ணாடி துடைபடும். பின்னால் என்ஜின் காற்றை உறிஞ்சும் சக்தியிலேயே ஓடிய வைப்பர்கள் வந்தன. மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் அவை தூங்கிவிடும்! மின்சார மோட்டார் பரவிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

என்னுடைய பழைய சின்னக் காரில் அந்த மோட்டார் ஐப்பசி அடைமழையில் உயிரை விட்டது. இரண்டு நாளில் தென்காசியிலிருந்து அம்மாவைத் திருநெல்வேலிக்கு அழைத்து வர வேண்டும். அவளுக்குக் கண் ஆபரேஷன். எழுபத்தெட்டு வயதுக்காரியை மழையில் பஸ் ஏற்ற மனம் வரவில்லை. ஒர்க்‌ஷாப்பிலோ, “முழு செட்டையும் மாத்தணும், நாலு நாள் ஆகும்” என்றார்கள்.

எதிர்வீட்டு அண்ணாச்சி பஸ் டிப்போவில் முப்பது வருஷம் பிட்டராக இருந்தவர். முதலில் பியூஸைப் பார்த்தார். பிறகு மோட்டாருக்கு வரும் வயரில் சின்ன பல்பு ஒன்றை வைத்துப் பார்த்தார், எரிந்தது.

“கரண்ட் வருது. மோட்டார்தான் போச்சு. அதை மட்டும் வாங்கிட்டு வாங்க சார். கம்பியெல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

வாங்கி வந்தேன். ஆனால் பாட்டரி வயரைக் கழற்றும் வரை அவர் என்னைக் கிட்டே விடவில்லை. வைப்பரின் கை இப்படியும் அப்படியும் ஆடினாலும், மோட்டார் ஒரே பக்கமாகத்தான் சுழல்கிறது. சுழற்சியை ஆட்டமாக மாற்றுவது அதன் தண்டில் மாட்டிய கிராங்க். சுவிட்சை அணைத்தாலும் மோட்டார் உடனே நின்றுவிடுவதில்லை. கைகள் கண்ணாடியின் அடியில் வந்து படுக்கும் வரை அதற்கென்றே ஒரு தனிவழியில் மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. பாதியில் சிக்கிய மோட்டாரை விரலால் விடுவித்தால், சுவிட்ச் அணைந்திருக்கிறதே என்று பார்க்காது. ஓடிப் படுத்துவிட்டுத்தான் நிற்கும்.

“இதைப் பாருங்க” என்று இடது கையை நீட்டினார். சுண்டுவிரலில் நுனி இல்லை. இத்தனை வருஷமாக எதிர்வீட்டில் இருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை!

கழற்றுவதற்கு அரை மணி ஆயிற்று. கிராங்க் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று சாக்பீஸால் அடையாளம் போட்டுக்கொண்டார். புது மோட்டாரை உடனே பூட்டவும் இல்லை. கிராங்க் மாட்டாமல் தனியாக ஒருதரம் ஓடவிட்டு, அது தானாகப் படுத்த பிறகு, மறுபடி பாட்டரியைக் கழற்றிவிட்டு, அடையாளத்தில் வைத்து நட்டை முடுக்கினார். இதைச் செய்யாதவர்களுடைய கார்களில் வைப்பர் கண்ணாடியின் நடுவே நிமிர்ந்து நின்றுகொண்டிருக்கும். அதற்கும் மெக்கானிக்கு ஒரு காரணம் சொல்வார், கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

தென்காசியிலிருந்து திரும்பும்போது ஆலங்குளம் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. அம்மா கொஞ்ச நேரம் முன்னால் பார்த்துக்கொண்டே வந்தாள். புரை விழுந்த கண்ணுக்கும் அந்த ஆட்டம் தெரிந்திருக்கிறது.

“சித்த நேரம் நிப்பாட்டேன்டா, பாவம்” என்றாள்.

வீடு வந்து சேர்ந்தபோது அண்ணாச்சி திண்ணையில் பழைய மோட்டாரைப் பிரித்து வைத்திருந்தார். உள்ளே கார்பன் துண்டு உளுத்தம்பருப்பு அளவுக்குத் தேய்ந்திருந்தது. புதுசு ஒன்று தேடிப் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“யாருக்கு அண்ணாச்சி?” என்றேன்.

“மழை இன்னும் ஒரு மாசம் இருக்குல்லா” என்றார்.